ஓடியவர் இறந்தால் பொறுப்பு யாருக்கு?

1974 அக்டோபர் 3. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம். இரவு பத்தே முக்கால் மணி. பக்கத்து வீட்டில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று ஒரு பெண் போலீசுக்குத் தகவல் சொல்கிறார். இரண்டு காவலர்கள் வருகிறார்கள். ஒருவர் அந்த வீட்டின் பின்பக்கம் போகிறார். கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. கொல்லைப்புறத்தைக் கடந்து ஒரு உருவம் ஓடி, ஆறடி உயரக் கம்பி வேலியின் அடியில் போய் நிற்கிறது. காவலர் டார்ச் அடிக்கிறார். முகம் தெரிகிறது, கைகளும் தெரிகின்றன. ஆயுதம் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. "போலீஸ், நில்" என்கிறார். அந்த உருவம் வேலியில் ஏறத் தொடங்குகிறது. தாண்டிவிட்டால் இனிப் பிடிக்க முடியாது என்று நினைத்த காவலர் சுடுகிறார். குண்டு பின்னந்தலையில் பாய்கிறது. இறந்தவனுக்கு வயது 15, எட்டாம் வகுப்பு மாணவன். அந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு பர்ஸும் பத்து டாலரும் அவனிடம் இருந்தன.

காவலர் செய்தது அன்றைய டென்னசி மாநிலச் சட்டப்படி சரி. கைதாக மறுத்து ஓடுபவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. பையனின் தந்தை வழக்குத் தொடுத்தார். பதினோரு வருடம் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சம்பவத்தைக் கேட்கும் யாருக்கும் இரண்டு வாக்கியங்கள் மனதில் வரும். "நின்றிருந்தால் பிழைத்திருப்பானே" என்பது ஒன்று. "பத்து டாலருக்கு ஒரு உயிரா?" என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றின் பக்கம் நின்றுதான் ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வாக்கியம், ஓடியவர் செய்தது சரியா என்ற கேள்விக்கான பதில். இரண்டாவது, துரத்தியவர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம் சரியா என்ற கேள்விக்கான பதில். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவது கேள்வி காணாமல் போய்விடாது. ஓடியவரின் பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், துரத்தியவரின் செயலைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் இந்த விஷயத்தின் சட்டம் பெருமளவு புரிந்துவிடும்.

எந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

பேச்சில் 'பொறுப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சட்டத்தில் அதற்கு வேறு வேறு வாசல்கள் உண்டு. கிரிமினல் வழக்கு என்றால், காவலர் குற்றம் செய்தாரா, தண்டிக்கப்பட வேண்டுமா என்ற கேள்வி. இங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கு என்றால், குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டுமா என்ற கேள்வி. இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அப்புறம் துறை விசாரணை. காவலர் விதிமுறையை மீறினாரா, பணியில் தொடரலாமா என்று அது பார்க்கும்.

அதனால்தான் ஒரே சம்பவத்தில் காவலர் கிரிமினல் வழக்கில் விடுதலையாகி, குடும்பத்துக்கு இழப்பீடும் கிடைக்கலாம். 'கோர்ட்டே விட்டுவிட்டது, அப்புறம் எதற்குப் பணம்?' என்று கேட்பவர்கள் இரண்டு வாசல்களை ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள்.

சாவு எப்படி வந்தது?

சட்டம் முதலில் கேட்பது இதைத்தான். போலீஸ் சுட்டோ அடித்தோ நேரடியாக இறந்தாரா? துரத்தலில் வண்டி மோதி இறந்தாரா? அல்லது போலீஸ் கை படாமலே, தானாகக் குதித்தோ விழுந்தோ நீரில் மூழ்கியோ இறந்தாரா? மூன்றுக்கும் சட்டத்தின் பார்வை வேறு.

முதல் வகையில் விதி ஓரளவு தெளிவு. 1985-இல் 'டென்னசி எதிர் கார்னர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மெம்பிஸ் காவலர் நம்பியிருந்த அந்த மாநிலச் சட்டம் இத்தகைய சம்பவத்துக்குப் பொருந்தும் அளவில் அரசமைப்புக்கு முரணானது என்றது. ஓடுபவர் காவலருக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்தையோ கடுமையான காயத்தையோ உண்டாக்கக்கூடியவர் என்று நம்பத் தக்க காரணம் இருந்தால்தான், தப்புவதைத் தடுக்க உயிரைப் பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தலாம். ஓடுகிறார் என்பது மட்டும் போதாது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வைட், குற்றச் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் எல்லாரும் தப்பிப்பதைவிடச் சாவதே மேல் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் எழுதினார்.

பழைய விதி ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்டக் காலத்தில் பெருங்குற்றம் என்று சொல்லப்பட்ட ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தண்டனை தூக்குத்தான். பிடிபட்டாலும் சாவு, ஓடினாலும் சாவு என்ற நிலையில், ஓடுபவரைச் சுட்டுக் கொல்வது பெரிய அநியாயமாகத் தெரியவில்லை. துப்பாக்கியும் இன்று போலத் தூரத்திலிருந்து கொல்லும் கருவியாக இருக்கவில்லை. தண்டனைகள் மாறின. திருட்டுக்கு யாரும் தூக்கில் போடுவதில்லை. ஆனால் ஓடினால் சுடலாம் என்ற விதி மட்டும் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மிகவும் வலித்தது. நீதிமன்றத்தில் சில மாதச் சிறை பெற்றிருக்கக்கூடிய ஒருவருக்கு, வேலி ஓரத்தில் மரண தண்டனை கிடைத்துக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவிலும் இதே போன்ற ஒரு தீர்ப்பு உண்டு. பல்கேரியாவில் 1996-இல், ராணுவப் பணியிலிருந்து அனுமதியில்லாமல் வெளியேறியதற்காகத் தண்டனையில் இருந்த, ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் தப்பி ஓடினார்கள். ராணுவப் போலீஸ் ஒரு கிராமத்தில் அவர்களைக் கண்டுபிடித்தது. இருவரிடமும் ஆயுதம் இல்லை. ஓடும்போது தானியங்கித் துப்பாக்கியால் சுடப்பட்டு இருவரும் இறந்தார்கள். 2005-இல் 'நச்சோவா எதிர் பல்கேரியா' வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வன்முறைக் குற்றம் செய்யாத, யாருக்கும் ஆபத்தில்லாத ஒருவரைப் பிடிக்கச் சுட்டுக் கொல்லக் கூடாது, அதனால் அவர் தப்பிவிடுவார் என்றாலும் கூடாது என்றது. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். தப்பிவிடட்டும் என்று விடுவதும் சில நேரம் சட்டம் காவலரிடம் எதிர்பார்க்கும் கடமைதான்.

இந்தியச் சட்டம் இதை வேறொரு இடத்தில் கோடு போட்டுப் பிரிக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும் ஒன்றையே சொல்கின்றன. கைதை எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் சாவை விளைவிக்க அது உரிமை தராது. அப்படியானால் ஆயுள் தண்டனைக் குற்றம் சாட்டப்பட்டவரைத் தாராளமாகச் சுடலாமா என்றால், இல்லை. அங்கேயும் பலம் தேவையானதாக இருக்க வேண்டும். போலீஸ் நடவடிக்கையில் யார் இறந்தாலும் முதல் தகவல் அறிக்கை, சம்பந்தப்படாத வேறொரு குழுவின் புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் என்கவுன்டர் சாவுகள் பற்றிய வழக்கில் வகுத்துத் தந்தது.

வண்டிகள் துரத்தும்போது

இரண்டாவது வகைதான் சிக்கல் நிறைந்தது. அமெரிக்காவில் இதைப் பற்றி வழக்குகள் குவிந்திருக்கின்றன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 'ப்ரோவர் எதிர் இன்யோ மாவட்டம்'. திருட்டுக் காரில் ஒருவர் இருபது மைல் ஓடினார். போலீஸ் சாலையின் குறுக்கே பதினெட்டுச் சக்கர லாரி ஒன்றை நிறுத்தியது. அதுவும் ஒரு வளைவுக்குப் பின்னால். எதிரே வருபவரின் கண் கூசும்படி போலீஸ் காரின் விளக்கையும் திருப்பி வைத்திருந்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அவர் லாரியில் மோதி இறந்தார். அவர் நின்றிருக்கலாமே, இருபது மைல் தூரத்தில் எத்தனை வாய்ப்பு இருந்தது என்ற வாதம் எழுந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவரை நிறுத்துவதற்கென்றே வைத்த தடையால் அவர் நின்றார். அதனால் அது அரசு செய்த செயல், அது நியாயமானதா என்று ஆராய வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. போலீஸ் விளக்கைச் சுழலவிட்டுப் பின்னால் வரும்போது, ஓடுபவர் தானாகக் கட்டுப்பாட்டை இழந்து மோதினால், அது அரசமைப்பின்படி போலீஸ் அவரைப் 'பிடித்தது' ஆகாது.

அந்தக் கோடு நுட்பமானது. போலீஸ் எதை வைத்து நிறுத்த நினைத்ததோ அதனாலேயே அவர் நின்றாரா? லாரி என்றால் ஆம். வழுக்கிய சாலை என்றால் இல்லை.

இரண்டாவது, 'சாக்ரமென்டோ மாவட்டம் எதிர் லூயிஸ்', 1998. ஒரு பைக் வேகமாகப் போனது, போலீஸ் துரத்தியது. ஓட்டியவருக்கு வயது 18, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு 16. துரத்தல் மொத்தம் 75 விநாடி, 1.3 மைல் தூரம். பைக் சாய்ந்து விழுந்தது. பின்னால் வந்த போலீஸ் கார் நிற்க முடியாமல் அந்தப் பதினாறு வயதுப் பையன் மீது மோதியது. அவன் இறந்தான். அவன் வண்டி ஓட்டவில்லை. ஓடுவதா நிற்பதா என்ற முடிவு அவன் கையில் இல்லை. இருந்தும் குடும்பம் தோற்றது. துரத்தலில் நேரும் சாவுக்கு அரசமைப்பின் கீழ் காவலர் பொறுப்பாக வேண்டுமானால், மனசாட்சியை அதிரவைக்கும் நடத்தை வேண்டும், அதாவது கைது செய்யும் நோக்கத்தைத் தாண்டித் தீங்கு செய்யும் எண்ணமே இருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நொடியில் முடிவெடுக்கிறவரிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அதன் அடிப்படை. மாநிலச் சட்டத்தின் கீழ் கவனக்குறைவு வழக்கு என்பது வேறு வாசல். இந்தத் தீர்ப்பு அதைப் பற்றியதல்ல.

மூன்றாவது 'ஸ்காட் எதிர் ஹாரிஸ்', 2007. இங்கே சாவு இல்லை. ஆனால் 'சொந்தப் பொறுப்பு' என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் இவ்வளவு வெளிப்படையாக வந்ததில்லை என்று நினைக்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில், மணிக்கு 55 மைல் எல்லை உள்ள சாலையில் 73 மைலில் போன 19 வயது இளைஞர் போலீஸைக் கண்டும் நிறுத்தவில்லை. துரத்தல் நீண்டது. கடைசியில் ஒரு காவலர் தன் காரின் முன்பகுதியால் பின்னாலிருந்து இடித்தார். கார் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. கைகால் செயலிழந்து போனார் அந்த இளைஞர். எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் காவலர் பக்கம் நின்றது. சாலையில் உள்ள அப்பாவிகளின் ஆபத்தையும் ஓடியவரின் ஆபத்தையும் எடை போடும்போது, யாருக்கு எவ்வளவு குற்றம் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றது. தன்னையும் பொதுமக்களையும் ஆபத்தில் தள்ளியது அந்த இளைஞர்தான். சாலையில் போனவர்கள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

துரத்தலை நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் பாதுகாப்பாயிற்றே என்ற வாதத்தையும் நீதிமன்றம் தள்ளியது. எவ்வளவு ஆபத்தாக ஓட்டினால் அவ்வளவு சீக்கிரம் போலீஸ் விட்டுவிடும் என்று ஆகிவிட்டால், எல்லாரும் அப்படியே ஓட்டக் கற்றுக்கொள்வார்கள் என்பது அதன் காரணம். ஒரே ஒரு நீதிபதி, ஸ்டீவன்ஸ், மாறுபட்டார். துரத்தல் போலீஸ் காரின் கேமராவில் பதிவாகியிருந்தது. மற்ற நீதிபதிகள் பார்த்த அதே காணொளியைப் பார்த்து அவர் வேறு முடிவுக்கு வந்தார். ஜூரிதான் இதை முடிவு செய்ய வேண்டும் என்றார்.

ஓடியவரின் குற்றத்தை எடையில் சேர்ப்பது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் தெருவில் ஒருவர் நூறு மைல் வேகத்தில் போனால், அவரைத் தடுக்காமல் விடுவதும் ஒரு முடிவு. அதற்கும் விலை உண்டு. ஆனால் அந்த எடை எங்கே சேர்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அவர் உண்டாக்கிய ஆபத்து என்ற இடத்தில் அது சேரலாம். 'சட்டத்தை மீறினான், படட்டும்' என்ற இடத்தில் சேரக் கூடாது. முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது தண்டனை. தண்டனை கொடுப்பது காவலரின் வேலை இல்லை.

போலீஸ் கை படாத சாவுகள்

மூன்றாவது வகையில் சொந்தப் பொறுப்பு என்ற வாதம் மிக வலுவாக நிற்கிறது. இங்கிலாந்தில் ஒரு வழக்கு. மான்செஸ்டர் பகுதியில் போலீஸ் ஒருவரைக் கைது செய்ய அவர் வீட்டுக்குப் போனது. வீடு இரண்டாம் மாடியில். அவர் இதற்கு முன்பும் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியவர்; அது போலீசுக்கும் தெரியும். கைதான பிறகு மறுபடியும் குதித்தார். மூளையில் பலத்த காயம், கைகால் செயலிழப்பு. குதிப்பார் என்று தெரிந்தும் போலீஸ் தடுக்கவில்லை என்று வழக்கு. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. கைதிலிருந்து தப்புவதே குற்றம். தப்பும்போது அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை போலீசுக்கு இல்லை என்றார்கள் இரண்டு நீதிபதிகள். மூன்றாவது நீதிபதி ஏற்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. தன் குற்றச் செயலையே அடிப்படையாக வைத்து ஒருவர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்பதே அது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கடுமையாகப் பிடித்தால், ஓடியவருக்கு என்ன நடந்தாலும் யாரும் கேட்க முடியாது என்று ஆகிவிடும். அதனால் நீதிமன்றங்கள் இதை அளந்தே பயன்படுத்துகின்றன. அதே இங்கிலாந்தில் 1983-இல் வந்த 'மார்ஷல் எதிர் ஆஸ்மண்ட்' தீர்ப்பு, துரத்தும் காவலருக்கு ஓடுபவர் மீதும் கவனமாக இருக்கும் கடமை உண்டு. ஆனால் என்ன சூழ்நிலையில் ஓட்டினார் என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும் என்றது. பதற்றத்தில் செய்த சிறு பிழைக்காக அந்தக் காவலர் பொறுப்பாகவில்லை.

முழுதும் இவர் தலையில் அல்லது முழுதும் அவர் தலையில் என்று வைக்காமல், பங்கு பிரிக்கும் முறையும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைப்பது இது. லண்டனில் போலீஸ் காவலில் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட வழக்கில், 1999-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் செய்தது. ஆபத்து இருப்பது தெரிந்தும் போலீஸ் கவனமாக இல்லை; இறந்தவரும் தன் செயலுக்குப் பொறுப்பு; ஆகவே பாதி இழப்பீடு. ஓடியவர் விஷயத்தில் இது இன்னும் நேர்மையான வழி என்பது என் எண்ணம். எழுபது பங்கு பிழை ஓடியவருடையது என்றாலும், மீதி முப்பதுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதை அது மறைப்பதில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வாதங்கள் எல்லாம் ஓடியவருக்கு எதிராக மட்டுமே எழுபவை. வழியில் நின்ற அப்பாவிக்கு எதிராக இவை எடுபடாது. ஹடர்ஸ்ஃபீல்டில் போதைப்பொருள் விற்றவர் என்று சந்தேகிக்கப்பட்டவரைத் தெருவில் மடக்கப் போனபோது, நடந்து போய்க்கொண்டிருந்த 76 வயது மூதாட்டி மீது காவலர்களும் அவரும் விழுந்தார்கள். 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் போலீஸ் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பிடிக்கப் போனால் யாருக்காவது அடிபடும் என்பது முன்கூட்டியே தெரியக்கூடியதுதானே.

சட்டம் மீறப்பட்டும் பணம் கிடைக்காத இடம்

அமெரிக்காவில் இன்னொரு தடையும் இருக்கிறது. காவலர் அரசமைப்பு உரிமையை மீறினார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் செயல் தவறு என்று முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் மீது தனிப்பட்ட முறையில் இழப்பீடு விதிக்க முடியாது. 2010-இல் டெக்சாஸில் ஒரு கார் துரத்தல். முன்னால் சாலையில் டயரைக் கிழிக்கும் முள் பட்டை விரித்திருந்தார்கள். கார் அதை எட்டுவதற்கு முன்பே, மேம்பாலத்தில் நின்ற ஒரு காவலர் காரை நிறுத்துவதற்காக ஆறு முறை சுட்டார். குண்டுகள் ஓட்டியவர் மீது பாய்ந்தன. என்ஜினில் ஒன்றும் படவில்லை. அவர் இறந்தார். 2015-இல் உச்ச நீதிமன்றம், இதே போன்ற சூழ்நிலையில் இது தவறு என்று முந்தைய தீர்ப்பு எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை என்று காவலருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டார். கேட்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். முன் தீர்ப்பு இல்லாததால் பொறுப்பில்லை. பொறுப்பில்லை என்பதோடு வழக்கு முடிந்துவிடுவதால் புதிய தீர்ப்பும் பல நேரம் பிறப்பதில்லை.

அண்மையில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 2025 மே மாதம் 'பார்ன்ஸ் எதிர் ஃபெலிக்ஸ்' வழக்கில், சுட்ட அந்த இரண்டு விநாடியில் ஆபத்து இருந்ததா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்து முழுச் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். நகரத் தொடங்கிய காரின் படியில் ஏறி நின்றுகொண்டு காவலர் சுட்ட வழக்கு அது. சுங்கக் கட்டணம் பாக்கி என்ற காரணத்துக்காக நிறுத்தப்பட்ட கார். ஆபத்தான இடத்தில் காவலரே தன்னைக் கொண்டுபோய் நிறுத்தினாரா என்பதை எப்படி எடை போடுவது என்று நீதிமன்றம் அன்று முடிவு சொல்லவில்லை.

"தப்பி ஓடினார்" என்பது யார் சொன்னது?

இதுவரை பார்த்ததெல்லாம், அவர் ஓடினார் என்பதை உண்மை என்று வைத்துக்கொண்டு. ஆனால் ஓடினார் என்பதே ஒரு தரப்பு சொல்லும் கதையாக இருக்கலாம். இறந்தவர் வந்து மறுக்க முடியாது.

ஒடிசாவில் 1987 டிசம்பரில் 22 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் விசாரணைக்குப் பிடித்துச் சென்றது. மறுநாள் அவர் உடல் ரயில் பாதையில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியற்காலையில் தப்பிவிட்டார், ரயிலில் அடிபட்டு இறந்திருப்பார் என்றது போலீஸ். தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. உடலைப் பரிசோதித்த மருத்துவரின் சாட்சியம், காயங்கள் லத்தி போன்ற மழுங்கிய பொருளால் வந்தவை என்றது. ரயில் மோதியதற்கான காயங்களாக அவை இல்லை. தப்பி ஓடினார் என்ற கதையை நீதிமன்றம் நம்பவில்லை. 1993-இல் வந்த 'நீலாபதி பெஹரா எதிர் ஒடிசா அரசு' தீர்ப்பு, தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு இறையாண்மை என்ற பாதுகாப்புக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றும் சொன்னது. இந்திய நீதிமன்றங்கள் காவல் சாவுக்கு இழப்பீடு கொடுக்கும் வழியை உறுதியாக அமைத்த தீர்ப்பு அது.

எனவே இப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது, 'ஏன் ஓடினார்?' என்ற கேள்விக்கு முன்னால், 'ஓடினார் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பது நல்லது. பிரேதப் பரிசோதனை என்ன சொல்கிறது? குண்டு முன்னால் பாய்ந்ததா பின்னால் பாய்ந்ததா? கேமரா பதிவு உண்டா? விசாரிப்பது யார், அதே நிலையத்தைச் சேர்ந்தவர்களா?

விழுந்த பிறகு

கடைசியாக ஒரு கடமை. ஓடியவர் விழுந்துவிட்டார், அல்லது ஆபத்தான இடத்துக்குள் போய்விட்டார். அந்த நொடியில் அவர் இனித் தப்பிக்கும் எதிராளி இல்லை. உதவி தேவைப்படும் மனிதர். ஆயுதப் பயன்பாடு பற்றி 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள், காயப்பட்டவருக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. அவர் எப்படிக் காயப்பட்டார், தப்பு யாருடையது என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை.

இந்தக் கடமை எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் பிரான்சில் பத்து ஆண்டு நடந்த வழக்கு. 2005 அக்டோபர் 27, பாரிஸுக்கு வெளியே கிளிஷி-சூ-புவா. கால்பந்து விளையாடிவிட்டுத் திரும்பிய பையன்கள் போலீஸைக் கண்டு ஓடினார்கள். மூன்று பேர் மின்சாரத் துணை நிலையத்துக்குள் புகுந்து ஒளிந்தார்கள். 17 வயதும் 15 வயதும் ஆன இருவர் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். மூன்றாமவர் தீக்காயங்களோடு பிழைத்தார். போலீஸ் அவர்களைத் தொடக்கூட இல்லை. ஆனால் அவர்கள் உள்ளே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற பொருளில் ஒரு காவலர் வயர்லெஸ்ஸில் சொன்னது பதிவாகியிருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு நாடு முழுதும் மூன்று வாரம் கலவரம் நடந்தது.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதே பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். இரண்டு காவலர்கள் மீது அந்தக் குற்றச்சாட்டு வந்தது. பையன்கள் உள்ளே இருக்கிறார்கள், உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்ததா என்பதைச் சுற்றியே வழக்கு நடந்தது. தெரிந்திருந்தால், மின்வாரியத்துக்கு ஒரு போன் போட்டு மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம் என்பது குடும்பங்களின் வாதம். பையன்கள் ஏறக்குறைய அரை மணி நேரம் உள்ளேதான் ஒளிந்திருந்தார்கள். 2015 மே 18-இல் ரென் நகர நீதிமன்றம், அந்த ஆபத்து காவலர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது என்று இருவரையும் விடுவித்தது.